ஐம்பத்தைந்து கிராம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு அக்காவாம், அவளுக்கு ஒரே ஒரு தம்பியாம், தம்பியின் ஈரல் சுருங்கிக் கல்லாய்ப் போயிற்றாம், என் ஈரலில் பாதியை அறுத்து அவனுக்கு வையுங்கள் என்று அக்கா வந்து நின்றாளாம். எதை நினைத்தாலும் எனக்கு இப்படித்தான் தொடங்க வருகிறது, இருபத்தைந்து வயசாகியும், இந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் சேர்ந்து மூன்று வருஷமாகியும். அம்மாவைப் பெற்ற அப்புச்சி கதை சொல்லும்போது நடுநடுவே ஊம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுத்துவிடுவார். இங்கே ஊம் கொட்ட ஆளில்லை. ஏசி மட்டும் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கிறது. கதை மதியம் மணி ஒன்று நாற்பதில் நிற்கிறது. ஒன்று நாற்பதுக்குத்தான் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஜெஸிந்தா சிஸ்டர் போன் பண்ணினார். எடுத்த ஈரலை ஐஸ் தட்டில் கழுவி, தராசில் வைத்து, எடையைச் சொல்லுவது அவர் வேலை, ஸ்கேன் படத்தில் கோடு போட்டு நான் முன்பே கணக்கிட்டுக் கொடுத்த எடைக்குப் பக்கத்தில் அதை எழுதிக்கொள்வது என் வேலை. நானூற்றுத் தொண்ணூற்றெட்டு, என்றார். நான் எழுதவில்லை. திரும்பச் சொல்லுங்க சிஸ்டர் என்றேன், எப்போதும் போல என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவர் இன்னொரு தரம் சொல்லிவிட்டு, என்ன பரிதி, இந்தத் தடவை கோடு கொஞ்சம் தாராளமா போட்டுட்டியா என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அவர் சும்மா சொன்னார். மூன்று வருஷமாக இப்படித்தான் என்னைச் சீண்டுவார். ஆனால் காது மடல் இரண்டும் சுட்டது, தொட்டுப் பார்த்தேன், நிஜமாகவே சூடு. நான் எழுதிக் கொடுத்திருந்தது ஐந்நூற்று எண்பத்தைந்து. இடையில் எண்பத்தேழு கிராம் எங்கே போனது என்று யாராவது கேட்டால், ஸ்கேனில் ஈரல் ரத்தம் நிரம்பி இருக்கும், வெளியே எடுத்துக் கழுவினால் வற்றிவிடும், முப்பது முப்பத்தைந்து கிராம் அப்படிக் குறைவது சகஜம் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. முப்பத்திரண்டு ரத்தத்தினுடையது. மீதி ஐம்பத்தைந்து என்னுடையது.

ஐம்பத்தைந்து கிராம் என்றால் ஒரு கோழிமுட்டை. உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. இதை நான் இப்போது நினைக்கிறேனா, அளந்த அன்றைக்கே நினைத்தேனா. அன்றைக்கே நினைத்திருப்பேன். தம்பி சிவநேசனுக்கு எழுபத்திரண்டு கிலோ, வயிற்றில் கோர்த்த நீரைக் கழித்துவிட்டு. நூறு கிலோ ஆளுக்கு எண்ணூறு கிராம் ஈரலாவது வேண்டும் என்பது எங்கள் இடத்து அளவு, அப்படிப் பார்த்தால் சிவநேசனுக்கு ஐந்நூற்று எழுபத்தாறு. அதற்குக் கீழே போனால் செய்யவே மாட்டார்கள் என்றில்லை. பெரிய டாக்டர் நரேந்திரன் வீட்டு ஆட்களை எல்லாம் உட்கார வைத்து, ஈரல் சின்னது, இன்னின்ன ஆபத்து, வேறு யாராவது சொந்தத்தில் உண்டா, காத்திருக்கிறீர்களா, துணிகிறீர்களா என்று ஒரு மணி நேரம் பேசுவார். அந்த ஒரு மணி நேரம்தான். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அக்கா பூங்கோதைக்கு நாற்பத்தொன்று, திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர், ஒடிசலான உடம்பு, இடது கை ஆட்காட்டி விரல் நுனி முழுக்க ஊசி ஏறிய கருப்புப் புள்ளிகள். பதினைந்து நாளைக்கு முன்னால் ஸ்கேன் மேஜையில் படுக்க வைத்துக் கையில் மருந்து ஏற்றும்போது, மூச்சை இழுத்துப் பிடிங்க என்று மெஷின் சொல்லும், விடச் சொன்னால் விடுங்க என்று சொல்லிக் கொடுத்தேன். இழுத்தார். பிடித்தார். மெஷின் விடச் சொல்லியும் விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறேன், முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு. ஓடிப்போய் அக்கா விடுங்க விடுங்க என்றேன். புஸ்ஸென்று விட்டுவிட்டு, இருமி, சிரித்தார். "நல்லா இழுத்துப் பிடிச்சா ஈரலு விரிஞ்சு பெருசாத் தெரியும்னு நெனச்சேனுங் தம்பி," என்றார். அப்படியெல்லாம் இல்லைங்க்கா என்றேன். எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டே, பத்துமுங்களா, என்று மட்டும் கேட்டார்.  படம் பார்த்துத்தான் சொல்லோணும் என்றுகூட நான் சொல்லவில்லை. வெளியே வந்தால் தண்ணீர் மெஷின் பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் சென்னியப்பன், பேப்பர் டம்ளரைக் கசக்கிக் கசக்கி ஒரு உருண்டையாக்கி வைத்திருந்தார். ஏனுங் தம்பி, நீங்கதான் அளக்கறவங்களா என்றார். ஆமாங்ணா என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பத்தாதுன்னு வந்துட்டாத் தேவலைங்க, ரெண்டும் பொட்டப்புள்ளைங்க, இவ இல்லீன்னா நான் ஒண்ணுக்கும் ஆக மாட்டேன், என்றார். சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அது இப்போது ஞாபகம் வருகிறது, அவர் குனிந்த தலையைப் பார்த்து எனக்குள் ஒரு இளப்பம் வந்தது. மச்சினன் செத்தாலும் பரவாயில்லை என்கிற ஆள் என்று நினைத்தேன். நான் யார் நினைக்க.

வரைவது இப்படி. ஈரலை மெஷின் நூற்றைம்பது அறுபது வில்லைகளாக அறுத்துப் படமாகக் காட்டும், ஒவ்வொரு வில்லையிலும் ஈரலின் ஓரத்தைச் சுற்றி மவுஸால் ஒரு கோடு போட வேண்டும், எல்லாக் கோட்டுக்கும் உள்ளே இருப்பதைக் கூட்டி மெஷின் அளவைச் சொல்லும். மெஷினே கோடு போடும், ஆனால் குடலையும் ஈரலென்று நினைத்துக்கொள்ளும், அதனால் கையால் திருத்த வேண்டும். முதல் தரம் ஒழுங்காகப் போட்டேன். சத்தியமாகப் போட்டேன். அறுத்துத் தம்பிக்கு வைக்கப்போகிற வலது பக்கம் ஐந்நூற்று முப்பது. தம்பி எடையில் நூற்றுக்குக் கணக்குப் போட்டால் பாயின்ட் ஏழு நான்கு, பாயின்ட் எட்டாவது வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிவந்த முகம், மூச்சுப் பிடித்த கழுத்து. ஒரு வில்லையில் விலா எலும்புப் பக்கம் ஓரம் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது, அவர் மூச்சு விடாமல் நடுங்கியதால் இருக்கலாம், அங்கே கோட்டைத் துளி வெளியே தள்ளினேன். தள்ளியதில் தப்பில்லை, கலங்கல் ஈரலாகவும் இருக்கலாம். அடுத்த வில்லையில் கலங்கல் இல்லை. ஆனாலும் தள்ளினேன். ஒரு மயிரிழை. அதற்கடுத்ததில் இன்னொரு மயிரிழை. பொய் என்று ஒன்றைச் சொன்னால் வாயில் அதன் ருசி தெரியும், இதில் ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே மவுஸ் வழுவழுவென்று ஓடியது. அக்காவுக்கு மீதி வைக்கிற இடது பக்கத்தில் கை வைக்கவில்லை, அதைச் சரியாகத்தான் வரைந்தேன், சென்னியப்பன் அண்ணனுக்குத் துரோகம் இல்லை என்று வேறு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், துரோகம் என்கிற வார்த்தை அப்போதே வந்திருக்கிறது பாருங்கள். அப்புச்சி சொல்லுகிற ஒரு கதையில் கன்றுக்குட்டியைப் புலி தின்றுவிடும். நான் அழுவேன். சரி சரி, புலிக்கு வயிற்றுவலி வந்து திரும்பிப் போச்சு என்பார். எனக்குத் தெரியும் அது கதையில் இல்லை என்று, நான் அழுததற்காக வந்த வயிற்றுவலி என்று. அந்த மாதிரி ஒரு வயிற்றுவலியைத்தான் நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன், நூற்றைம்பது வில்லையிலும். முடித்துக் கூட்டியபோது ஐந்நூற்று எண்பத்தைந்து. பாயின்ட் எட்டு ஒன்று. நான் அப்போது சந்தோஷப்பட்டேன். இதை ஒளிக்கக் கூடாது, சந்தோஷப்பட்டேன், கேன்டீனில் ஒரு காபி அதிகம் குடித்தேன்.

ரெஜினா மேடம்தான் என் அளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற டாக்டர். அன்றைக்கு ஆறேழு வில்லையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பரிதி போட்டாச் சரியாத்தான் இருக்கும் என்று போட்டுவிட்டார். இன்று இரண்டு மணிக்கு அவர் உள்ளே வந்தபோது தியேட்டர் எடையை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பதினைந்து சதவீதம். இப்படி எப்பவாவது நடக்கும், நானே ஒரு தடவை இருபது விட்டிருக்கேன், மூஞ்சியைப் பாரு பேயறைஞ்ச மாதிரி, சாப்பிட்டியா நீ, என்றார். சாப்பிடவில்லை மேடம் என்றேன். போய் ரெண்டு இட்லியாவது தின்னு என்று போய்விட்டார். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எதிர்த்து ஏதாவது சொல்லி, சொல்லும்போதே உளறி, எல்லாம் வெளியே வந்திருக்கும். அன்பாகப் பேசுகிறவர்களிடம் எதையும் சொல்ல முடியாமல் போய்விடுகிறது எனக்கு. சாப்பிடப் போகவில்லை. மெஷினில் பூங்கோதையின் படத்தைத் திறந்தேன். முதல் கோடு பச்சை, இரண்டாவது மஞ்சள், இரண்டையும் மெஷின் சேமித்துத்தான் வைத்திருந்தது, நான் அழித்ததாக நினைத்திருந்தேன். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் பச்சையைச் சுற்றி மஞ்சள் ஒரு வரப்பு மாதிரி. அவ்வளவு மெல்லிசு. இதற்குப் போயா. பச்சையின் மேல் அம்பு நின்றது. ஒரு தட்டு தட்டினால் போய்விடும், ரெஜினா மேடமே நடக்கும் என்று சொல்லிவிட்டார், இனி உலகத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. கை அங்கேயே இருந்தது. அழிக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, விரல் மரத்துப் போயிருந்தது, ஏசி. அல்லது அழித்தால் அந்த ஐந்நூற்று முப்பது எனக்கு மட்டுமே தெரிந்ததாகிவிடும், ராத்திரியெல்லாம் அதோடு நான் தனியாக இருக்க வேண்டும் என்கிற பயம். உள்ளே இப்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். குடலில் இருந்து வருகிற ரத்தம் முழுக்க ஈரலுக்குள்தான் போயாக வேண்டும், ஈரல் சின்னதென்று ரத்தம் குறைந்துகொள்ளாது, பெரிய வாய்க்கால் தண்ணீரை முழுக்க ஒரே பாத்தியில் திறந்துவிட்டால் கரை உடைகிற மாதிரி அந்தச் சின்ன ஈரல் வீங்கும், கன்றிப்போகும், ஒரு வாரத்தில் மஞ்சள் ஏறும், வயிற்றில் நீர் கோர்க்கும். அதற்குத்தான் மண்ணீரலுக்குப் போகிற ரத்தக்குழாயைக் கட்டி, வருகிற ரத்தத்தைக் குறைப்பார்கள். நாலு மணிக்கு என்னால் பொறுக்க முடியாமல் தியேட்டருக்கு நானே போன் போட்டேன். இப்படி நான் போட்டதே இல்லை. ஜெஸிந்தா சிஸ்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. புது ஈரலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டதும் அழுத்தம் இருபத்து மூணுக்குப் போச்சு, குழாயைக் கட்டினாங்க, இப்போ பதினாலு, என்றார். பதினைந்துக்குக் கீழே என்றால் நல்லது. நல்லதுதானே சிஸ்டர் என்றேன். இன்னைக்கு நல்லது பரிதி, பத்து நாள் போகட்டும், என்றார்.

ஐந்து மணிக்கு மூன்றாவது மாடிக் காத்திருப்புக் கூடத்துக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று படியேறும்போது எனக்கே தெரியாது. லிஃப்டில் போனால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். படியில் டெட்டால் வாசனை, கைப்பிடி ஈரம், யாரோ துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சும்மா பார்த்துவிட்டு வரலாம், அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார், வெள்ளைக் கோட்டுப் போட்ட நூறு பேரில் நான் ஒருவன். கூடத்தில் ஆட்கள் வடிந்து, நாலைந்து பேர்தான். சென்னியப்பன் கடைசி வரிசையில், மடியில் ஒரு சின்னச் சோற்றுத் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு, திறக்காமல். தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டார். எழுந்தே நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்றது எனக்குள் எங்கேயோ இடித்தது. உட்காருங்கண்ணா என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்காவுக்குத் தையல் போட்டு முடித்துவிட்டார்கள், ஐசியூவுக்குக் கொண்டுபோகிறார்கள், நன்றாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். யாரையோ பார்த்துக் கும்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன், என்னைத்தான். அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார், போசியின் மூடியைத் திருகித் திருகி. அன்றைக்குத் தண்ணீர் மெஷின் பக்கத்தில் ஒரு பேச்சுப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பத்தும் என்று நீங்கள் எழுதி வந்தபிறகு பதினைந்து நாள் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது என்றார். மச்சான் பிழைக்கிறதற்குக் கடவுளே அளந்து வைத்திருக்கும்போது நான் குறுக்கே போய் நின்றேனே என்று, பழனிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன் என்றார். "நான் சொன்னதைக் கேக்காம, உள்ளதை உள்ளபடி எழுதுனீங்க பாருங்க. அதுக்குத்தான் உங்களைப் பாத்ததும் எந்திரிச்சேன்." நான் தரையைப் பார்த்தேன். தரையில் சக்கர நாற்காலி போன கருப்புத் தடம் ஒன்று வளைந்து போயிருந்தது. அதையே பார்த்தேன். அன்றைக்கு அவர் தலை குனிந்ததை இளப்பமாக நினைத்தவன். அந்த மனுஷன் கேட்டது பயத்தில், வாய்விட்டு, பகலில், என் முகத்தைப் பார்த்து. அக்கா கேட்டதும் அப்படித்தான், ஒரே வார்த்தை. இரண்டு பேரும் கேட்டுவிட்டு முடிவை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள், இரண்டு பேருக்கும் நான் எண்ணைத்தான் தந்திருக்க வேண்டும், நான் ஒரு கதையைத் தந்தேன். சொல்லிவிடு. இப்போது சொல்லிவிடு.  அவர் போசியைத் திறந்து, தம்பி ஒரு வாய் சாப்பிடறீங்களா, தக்காளிச் சோறுதான், பெரியவ செஞ்சு குடுத்தா, என்றார். வேண்டாங்கண்ணா என்றேன். அது ஒன்றுதான் இன்றைக்கு நான் சரியாகச் சொன்ன பதில்.

ஐந்தரைக்கு டாக்டர் நரேந்திரன் வெளியே வந்தார், பச்சை உடையிலேயே, நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. சென்னியப்பன் எழுந்தார், நானும் எழுந்தேன். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நான் ஏதோ உதவிக்கு நிற்கிறேன் என்று நினைத்திருப்பார், சென்னியப்பனிடம் பேசினார். அக்கா நன்றாக இருக்கிறார். தம்பிக்கு வைத்த ஈரலில் ரத்தம் ஓடுகிறது. ஆனால் எடுத்த ஈரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது, அதற்கு வேண்டியதைச் செய்திருக்கிறோம், அடுத்த பத்து நாள் கவனமாகப் பார்க்க வேண்டும், சிலருக்குத் தாங்கும், சிலருக்குத் தாங்காது. ஸ்கேன் கணக்கு சில சமயம் இப்படி மாறும், இதில் யார் தப்பும் இல்லை, என்றார். சென்னியப்பன் ஊம் ஊம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். யார் தப்பும் இல்லை. அந்த வாக்கியம் ஒரு போர்வை மாதிரி வந்து என் மேல் விழுந்தது, கதகதப்பாகவே இருந்தது, அதற்குள்ளேயே இருந்துவிடலாம், டாக்டர் இன்னும் இரண்டு எட்டு வைத்தால் கதவுக்குள் போய்விடுவார், போய்விட்டால் அந்த வாக்கியம் எனக்கே சொந்தம். அவர் திரும்பினார். சார், என்றேன். கேட்கவில்லை அவருக்கு. என் குரல் யாருக்குத்தான் கேட்டிருக்கிறது. சார், என்றேன் மறுபடி, கூடத்தின் மறுகோடியில் இருந்த அம்மா ஒருத்தி திரும்பிப் பார்க்கிற மாதிரி. "முதல்ல ஐந்நூற்று முப்பதுதான் சார் வந்துச்சு. நான்தான் கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டு எண்பத்தஞ்சு ஆக்கினேன்." டாக்டர் அசையவில்லை. தெரியாமல் நடந்ததா என்று கேட்டார், மெதுவாக. தெரிந்தேதான் சார் என்றேன். எதற்கு என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்டால் என்ன சொல்வது என்று உள்ளே ஒரு பக்கம் தேடிக்கொண்டிருந்தது, அந்த மூச்சுப் பிடித்த முகத்தைச் சொன்னால் நான் நல்லவனாகிவிடுவேன் என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியும். கேட்கவில்லை. இரண்டு கோடும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கு சார். அழிக்காமல் வை, காலையில் எட்டு மணிக்கு ரெஜினாவோடு என் அறைக்கு வா, என்றார். அப்புறம் என்னை விட்டுவிட்டுச் சென்னியப்பன் பக்கம் திரும்பி, ஐந்நூற்று முப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தால் உங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசியிருப்பேன், பேசிவிட்டு இதே ஆபரேஷனைச் செய்திருக்கவும் கூடும், செய்யாமல் வேறு வழி பார்த்திருக்கவும் கூடும், எதுவென்று இப்போது என்னால் சொல்ல முடியாது, அதைக் கேட்கிற உரிமை உங்களுக்கு இருந்தது, அது கிடைக்கவில்லை, என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது.

நானும் சென்னியப்பனும். கூடத்தில் வேறு யாரும் இருந்தார்களா என்று நான் பார்க்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன், கன்னம் ஏற்கெனவே தயாராகி ஒரு பக்கம் இறுகியிருந்தது. அவர் போசியை மூடினார். மூடி ஒழுங்காக உட்காராமல் மறுபடி திறந்து மூடினார். "அவ கேட்டாளுங்களா, மாத்தி எழுதச் சொல்லி?" இல்லைங்கண்ணா, என்றேன். பத்துமான்னு மட்டும்தான் கேட்டாங்க. மாத்தச் சொல்லலை. அவங்களுக்கு எதுவும் தெரியாது. அவர் தலையை ஆட்டினார், ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார், அவள் கேட்கவில்லை என்பதில் ஏதோ ஒன்று அவருக்கு இறங்கிய மாதிரியும், இன்னொன்று ஏறிய மாதிரியும். எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. என்ன வேணும்னாலும் சொல்லுங்கண்ணா என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, அதுவும் எனக்காகக் கேட்டதுதான். டாக்டர் போனபிறகு அவர் இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார், கண் சிவந்திருந்தது, காலையிலிருந்து சிவந்துதான் இருந்திருக்கும். "அவ எந்திரிச்சு உக்கார்ற அன்னிக்கு நீங்களே வந்து அவகிட்டச் சொல்லோணும். நான் சொன்னா, அன்னிக்கே வேண்டாம்னவன் சொல்றான்னுதான் அவளுக்குக் கேக்கும்." சரிங்கண்ணா என்றேன். மச்சான் பொழைச்சாலும் சொல்லோணும், பொழைக்காட்டியும் சொல்லோணும், என்றார். சரிங்கண்ணா. பிழைத்துவிட்டால் சொல்லத் தேவையில்லையே என்று எனக்குள் ஒன்று அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டது, அது அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் அவர் அதைச் சொன்னார். ஐசியூ வாசலில் நர்ஸ் ஒருத்தி பூங்கோதை கூட வந்தவங்க யாரு என்று கூப்பிட்டாள். நானுங்க, என்று குரல் கொடுத்தார். வேட்டியை அவிழ்த்துக் கட்டினார், செருப்பைக் கழற்றி வரிசைக்கு அடியில் தள்ளினார், போசியை எங்கே வைப்பது என்று பார்த்தார், என்னிடம் கொடுக்கப் போகிறார் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, அந்தப் பக்கம் நடந்து போனார்.